நிற்கும் விமானத்துக்குக் கரண்ட் எங்கிருந்து?

போடிநாயக்கனூர்க்காரர் விமானம் ஏற வேண்டுமென்றால் வழி இரண்டு. ஆண்டிபட்டி, உசிலம்பட்டி தாண்டி மதுரைக்குப் போகலாம். அல்லது போடிமெட்டு ஏறி, மூணாறு, அடிமாலி, கோதமங்கலம் வழியாகக் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்கு இறங்கலாம். எங்கே போனாலும் படிக்கட்டு வைத்து ஏறும் விமானமாக இருந்தால் பக்கத்தில் நெருங்கும்போதே காது அடைக்கும். இறக்கைகளுக்குக் கீழே உள்ள பெரிய இன்ஜின்கள் இரண்டும் அணைந்துதான் இருக்கும். அப்படியானால் இரைவது எது?

வால் நுனியைப் பாருங்கள். அங்கே ஒரு துளை இருக்கும். அது உள்ளே ஓடும் சின்ன ஜெட் இன்ஜினின் புகைபோக்கி. துணை மின் இயந்திரமான அதை விமான நிலையத்தில் எல்லோரும் ஏ.பி.யூ. என்றே சொல்வார்கள். அது ஓடவில்லை என்றால், மூக்குச் சக்கரத்துக்கு அருகில் ஒரு டீசல் ஜெனரேட்டர் வண்டி நின்று உறுமிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் ஜி.பி.யூ. விமானம் தரையில் நிற்கும் நேரம் ஓய்வு நேரம் அல்ல. விளக்கு எரிய வேண்டும், காக்பிட் கம்ப்யூட்டர்கள் விழித்திருக்க வேண்டும், சரக்குக் கதவு திறக்க வேண்டும், எரிபொருள் நிரப்பும் வால்வுகள் இயங்க வேண்டும், துப்புரவுப் பணியாளர்கள் உள்ளே வேலை பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கரண்ட் வேண்டும்.

மலையில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த நிலைமை பழகியதுதான். மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்தால் ஜெனரேட்டரைப் போடுவார்கள்; லைன் வந்ததும் முதல் வேலையாக அதை அணைப்பார்கள். விமான நிலையத்தில் லைன் எப்போதும் இருக்கிறது. டெர்மினலுக்குள் குளிரூட்டியும் மின்படிக்கட்டும் அதில்தான் ஓடுகின்றன. அந்த லைன் ஐம்பது அடி தள்ளி நிற்கும் விமானத்துக்கு மட்டும் ஏன் போகவில்லை?

சும்மா வயர் இழுத்து பிளக்கைச் சொருக முடியாது என்பது முதல் காரணம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். விமானத்துக்கு வேண்டியது 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். விமானத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அலைவெண்ணைக் கூட்டினால் அதே வேலைக்கு டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும் சிறிதாக, இலேசாக இருந்தால் போதும். அதற்காகவே உலகம் முழுக்க விமானங்கள் 400 ஹெர்ட்ஸில் நிலைத்துவிட்டன. அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. அலைவெண் எட்டு மடங்கானால் நீளமான கேபிளில் மின்னழுத்தம் இறங்குவதும் வெகுவாகக் கூடும். ஆகவே ஓரிடத்தில் 400 ஹெர்ட்ஸ் தயாரித்து நிலையம் முழுக்க அனுப்புவது சிரமம். இப்போதைய வழக்கம், சாதாரண மின்சாரத்தையே விமானம் நிற்கும் இடம் வரை கொண்டுவந்து, பயணிகள் நடந்து ஏறும் பாலமான ஏரோபிரிட்ஜுக்கு அடியில் தொங்கும் ஒரு கன்வெர்ட்டர் பெட்டியில் மாற்றிக் கொடுப்பது. ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானத்துக்கு 90 கேவிஏ திறனுள்ள ஓர் இணைப்பு போதும். ஏ380க்கு நான்கு இணைப்புத் துளைகள்.

கரண்ட் கொடுத்தாயிற்று, ஏ.பி.யூ.வை அணைக்கலாமே என்றால், நம் ஊர் வெயில் குறுக்கே நிற்கும். ஏ320, போயிங் 737 போன்றவற்றின் குளிரூட்டி கரண்டில் ஓடுவதில்லை. அழுத்தக் காற்றில் ஓடுகிறது. தரையில் அந்தக் காற்றைத் தருவது ஏ.பி.யூ.தான். சித்திரை வெயிலில் 180 பேர் உட்கார்ந்திருக்கும் உலோகக் குழாய்க்குள் வெறும் விளக்கும் விசிறியும் காப்பாற்றாது. எந்த விமானியும் ஏ.பி.யூ.வை ஓடவிடத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. எனவே மின் இணைப்போடு, தரையிலிருந்தே குளிர்காற்றை மஞ்சள் குழாய் வழியே விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பும் இயந்திரமும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்றை வாங்கி மற்றதை விட்டால் போட்ட பணம் பாதி வீண். புறப்படுவதற்குச் சற்று முன் பெரிய இன்ஜினைச் சுழற்றிக் கிளப்ப ஏ.பி.யூ. எப்படியும் தேவைப்படும். ஆனால் அது சில நிமிடச் சமாசாரம்.

இனி கணக்கு. டீசலை விட்டு லைனுக்கு வந்தால் பூமி குளிர்ந்துவிடும் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நின்றிருக்கும் ஒரு ஏ320 மணிக்கு 40 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் தந்தால் 13 லிட்டர் ஆகும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மொத்தம் ஏறக்குறைய 36 கிலோ. இதே 40 யூனிட்டை இந்தியப் பொது மின்கட்டமைப்பிலிருந்து எடுத்தால்? நிலக்கரி மிகுந்த நம் கட்டமைப்பில் சராசரியாக யூனிட்டுக்கு 0.7 கிலோ. கன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 31 கிலோ. கம்பியில் வரும் வழியில் ஆகும் இழப்பையும் கூட்டினால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். டீசல் வண்டி பாதிச் சுமையில் ஓடும்போது லிட்டருக்கு மூன்று யூனிட் கூடத் தராது என்பதால் லைனுக்குக் கொஞ்சம் சாதகம் கூடலாம். ஆனாலும் பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது.

உண்மையான லாபம் ஏ.பி.யூ.வை அணைப்பதில் இருக்கிறது. அது மணிக்கு 100 கிலோவுக்கு மேல் விமான எரிபொருளை எரிக்கும். ஒரு கிலோவுக்கு 3.16 கிலோ வீதம் 300 கிலோவுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடு. குளிர்காற்றுக்கான மின்சாரத்தையும் சேர்த்து லைனில் எடுப்பது இரண்டு மூன்று மடங்கானாலும் 100 கிலோவை ஒட்டித்தான் நிற்கும்.

கார்பனை விட்டாலும் டீசலை நிறுத்த வலுவான காரணம் ஒன்று உண்டு. அந்த வண்டிக்குப் பக்கத்தில் ஷிப்ட் முழுக்க நிற்பவர்கள், பெட்டி ஏற்றுபவர்கள், சக்கரத்துக்குக் கட்டை வைப்பவர்கள். டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. பயணி அந்தப் புகையை இரண்டு நிமிடம் சுவாசிக்கிறார். தொழிலாளி எட்டு மணி நேரம். அனல்மின் நிலையத்தின் புகையும் யாரோ ஒருவருடைய நெஞ்சுக்குத்தான் போகிறது என்றாலும், உயரமான புகைபோக்கியும் வடிகட்டியும் அங்கே உண்டு. என் கணக்கில் இந்த மாற்றத்தின் முதல் பயனாளி தரையில் நிற்கும் அந்த ஆள்தான்.

லைனில் வரும் கரண்டே சுத்தமானால் எல்லாக் கணக்கும் மாறிவிடும். டெல்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் ஏரோபிரிட்ஜ்களில் மின் இணைப்பும் குளிர்காற்று இயந்திரமும் பொருத்தியிருக்கிறார்கள். 2022 ஜூனிலிருந்து அந்த நிலையம் தன் மின்தேவை முழுவதையும் புதுப்பிக்கத்தக்க வழிகளில் பெறுகிறது. பெரும்பகுதி இமாச்சலப் பிரதேசத்து நீர்மின்சாரம். நெடும்பாசேரி 2015 ஆகஸ்ட் 18 அன்று 12 மெகாவாட் சூரியமின் நிலையத்தைத் தொடங்கி, முழுக்கச் சூரிய சக்தியில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் வாங்கியது. 2018இல் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் விருதும் கிடைத்தது. ஆனால் வளைகுடா விமானங்களில் பல நடுச்சாமத்தில் கிளம்புகின்றன. சூரியன் அப்போது இல்லை. பகலில் மிஞ்சியதைக் கேரள மின்வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு, இரவில் வாரியத்திடம் வாங்கிக்கொள்வதுதான் ஏற்பாடு. அந்த இரவு மின்சாரத்தில் ஒரு பங்கு நம் மலைத் தண்ணீர். மாலையிலும் இரவிலும் தேவை உச்சத்துக்குப் போகும்போது கேரளம் பெரிதும் நம்புவது மூலமற்றத்தில் நிலத்துக்கடியில் இருக்கும் 780 மெகாவாட் இடுக்கி மின்நிலையத்தைத்தான். வெளிமாநிலங்களிலிருந்து வாங்கும் அனல்மின்சாரமும் கலந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதே மாற்றம் ரயிலில் முன்பே நடந்துவிட்டது. எல்.எச்.பி. என்ற நவீன வகைப் பெட்டிகள் கொண்ட ரயில்களின் இரு முனைகளிலும் விளக்குக்கும் ஏ.சி.க்கும் கரண்ட் தர டீசல் ஜெனரேட்டர் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது மின்சார இன்ஜின் மேல்கம்பியிலிருந்து எடுத்து 750 வோல்ட்டில் பெட்டிகளுக்கும் கொடுக்கிறது. கழுவிப் பராமரிக்க பிட்லைனில் நிற்கும் ரயிலுக்குத் தரையிலிருந்தே 750 வோல்ட் இணைப்பு கொடுக்கும் வேலையையும் ரயில்வே செய்துவருகிறது. நிற்கும் விமானத்துக்குச் செய்ய வேண்டியதும் இதுவேதான். ஆனால் ரயிலிலும் கம்பி எட்டாத இடத்தில் இது நடக்காது. 2023 ஜூன் 15 அன்று சென்னை ரயில் முதல்முறையாகப் போடிக்கு வந்தபோது மதுரை வரை மின்சார இன்ஜின், அதற்குப் பிறகு டீசல். டீசல் இன்ஜின் இழுக்கும் பாதையில் மேல்கம்பிக் கரண்ட் பெட்டிக்குக் கிடைக்காது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாக்கிவிட்டது. முக்கிய விமான நிலையங்களில் ஏரோபிரிட்ஜ் ஒட்டி நிற்கும் விமானங்களுக்கு 2024 முடிவுக்குள்ளும், தள்ளி நிற்பவற்றுக்கு 2029 முடிவுக்குள்ளும் மின்சாரம் கொடுத்தாக வேண்டும் என்பது 2023இல் வந்த விதி. அந்த மின்சாரம் கட்டமைப்பிலிருந்தோ, புதைபடிவ எரிபொருள் இல்லாமல் அங்கேயே உற்பத்தி செய்வதிலிருந்தோ வர 2030க்குள் வழி செய்யவும் உறுப்பு நாடுகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதாவது கம்பியின் முனையில் டீசல் ஜெனரேட்டரை ஒளித்துவைக்க முடியாது. ஆண்டுக்கு 10,000 வணிக விமானச் சேவைகளுக்குக் குறைவான நிலையங்களுக்கு, தள்ளி நிற்கும் இடங்களைப் பொறுத்தவரை விலக்கு உண்டு.

அந்த விலக்கில்தான் நம் பக்கத்துச் சிறிய நிலையங்களின் கதை இருக்கிறது. தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் வரும் ஏ.டி.ஆர். விமானத்தில் ஏ.பி.யூ. கிடையாது. தரையில் கரண்ட் கிடைக்காவிட்டால் வலது இன்ஜினை ஓடவிட்டு, அதன் விசிறி சுற்றாமல் பிரேக் போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். ஏ.டி.ஆருக்கு வேண்டிய தரை மின்சாரம் 28 வோல்ட் நேர்மின்சாரம். 400 ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் தரையைத் தோண்டிக் கேபிள் புதைப்பதைவிட, டெர்மினல் லைனில் சார்ஜ் ஏற்றி இழுத்துச் செல்லும் பேட்டரி வண்டியே செலவுக்கு ஏற்றது. அதுபோன்ற வண்டிகள் சந்தையில் இருக்கின்றன. மிச்சம் இருப்பது கட்டணம். ஒரு மணி நேர இணைப்புக்கு நிலையம் கேட்கும் தொகை ஏ.பி.யூ. எரிக்கும் எரிபொருள் செலவைவிடக் குறைவாக இருந்தால் விமான நிறுவனம் தானாகவே பிளக்கைச் சொருகும். அதிகமாக இருந்தால் கன்வெர்ட்டர் பெட்டி பாலத்தடியில் தூசி படிந்து தொங்கும்.