மூட்டு வலி ஆராய்ச்சி: முடிவு செய்வது யார்?

மாடிப்படி ஏறும்போது "அம்மாடி!" என்று முழங்காலைப் பிடித்துக் கொள்ளாத பெரியவர்கள் எந்த வீட்டில் இல்லை? மூட்டு வலியைப் பற்றி உலகெங்கும் ஆராய்ச்சி நடக்கிறது. பணமும் ஏராளமாகச் செலவாகிறது. சரி, அந்தப் பணத்தில் எதை முதலில் ஆராய்வது என்று வலிப்பவர்களை யாராவது கேட்டார்களா?

இங்கிலாந்தில் கேட்டார்கள். பிரிஸ்டல் நகர ஆராய்ச்சியாளர்கள் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட விவரம் இது. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்காக நடந்த முறையான சிகிச்சைப் பரிசோதனைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மருந்துகளைப் பற்றியவை. 'இன்னும் மருந்து ஆராய்ச்சி வேண்டும்' என்ற நோயாளிகளோ நூற்றுக்கு ஒன்பது பேர்தான்! மூட்டு மாற்று ஆபரேஷன் பற்றியும், வலியோடு காலம் தள்ளுவது எப்படி என்பது பற்றியும்தான் பலர் கேட்டார்கள். மாத்திரையென்றால் விற்கக் கம்பெனி இருக்கிறது. தேகப்பயிற்சியைப் புட்டியில் அடைத்து விற்க முடியுமா, என்ன?

முடக்குவாதத்தின் கதை இன்னும் விசேஷம். இது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்; கைக்குழந்தைக்காரிகளையும் விடுவதில்லை. மருந்து பலன் தருகிறதா என்று பார்க்க டாக்டர்கள் வீங்கிய மூட்டுகளை எண்ணுவார்கள், ரத்தத்தைச் சோதிப்பார்கள். 2002-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த 'ஓமெராக்ட்' என்ற சர்வதேச மாநாட்டில் முதன்முறையாக நோயாளிகளையும் சேர்த்துக் கொண்டார்கள். அவர்கள் வற்புறுத்திச் சொன்னது அசதியை! தூங்கி எழுந்தாலும் தீராத அசதி. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைக்கவே மலைப்பாக இருக்கும் அசதி. டாக்டர்களின் கட்டாயப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. 'உடம்பு வணங்கலை' என்று நாம் வீட்டில் யாரைச் சொல்கிறோமோ, அவளுக்கு நோயே அதுவாக இருக்கலாம். 2006-ல்தான், முடக்குவாத ஆராய்ச்சிகளில் அசதியையும் அளக்க வேண்டும் என்று அதே அமைப்பு முடிவு செய்தது.

அதற்காக மருந்து ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 1992-ல் லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், நம் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், வீக்கத்தைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருளைத் தடுக்கும் மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலருடைய வாழ்க்கையே மாறியது. அப்படி ஒரு பொருள் உடம்பில் இருப்பதே தெரியாத நோயாளி அதைக் கேட்டிருக்க முடியாதே! இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சரிப்படும்.

அப்படி உட்கார வைக்கவே 2004-ல் இங்கிலாந்தில் 'ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி' தோன்றியது. நோயாளிகளும், அவர்களைப் பராமரிக்கும் வீட்டாரும், டாக்டர்களும் பேசி முக்கியமான பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுப்பார்கள். மருந்துக் கம்பெனிகளுக்கு ஓட்டு கிடையாது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றத்துக்காக 2014-ல் வெளியான பட்டியலில் ஒரு கேள்வி: ஆபரேஷன் செய்துகொள்ளச் சரியான சமயம் எது? 'இப்பவே செய்துக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமா?' என்று வீட்டுக்கு வீடு கேட்கிறோமே, அதேதான்!