கடைக்குக் கணக்கு உண்டு, நமது நாளுக்கு?

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவரும் சரி, ஊரில் சில்லறைக் கடை வைத்திருப்பவரும் சரி, இரவில் கணக்குப் பார்க்காமல் கடையை மூடுவதில்லை. லாச்சியில் உள்ள காசு எண்ணப்படும். கடன் கொப்பியில் யார் பெயரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கப்படும். நூறு ரூபா குறைந்தாலும் அது எங்கே போனது என்று தேடுகிறோம். ஆனால் அதே நாளில் நாம் பேசிய பேச்சுக்கும் செலவிட்ட நேரத்துக்கும் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

நிதானமாகவும் நோக்கத்தோடும் வாழ வேண்டும் என்பது இன்று அதிகம் பேசப்படும் விடயம். அதற்கென்று கையடக்கத் தொலைபேசிச் செயலிகளும் பயிற்சி வகுப்புகளும் வந்துவிட்டன. நமது மார்க்க அறிஞர்களோ இதற்குச் செலவில்லாத ஒரு நடைமுறையை எப்போதோ வகுத்துத் தந்துவிட்டார்கள். அதுதான் முஹாஸபா, அதாவது சுயவிசாரணை. 857ஆம் ஆண்டு பக்தாதில் காலமான ஹாரித் அல்முஹாஸிபி (ரஹ்) அவர்களுக்கு அந்தப் பெயர் அமைந்ததே இந்தப் பழக்கத்தினால்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீன் நூலின் 40 பாகங்களில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கியுள்ளார்கள். அதில் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் நம் சமூகத்துக்கு நன்கு பழக்கமானது: வியாபாரம். நமது நப்ஸ் வியாபாரத்தில் ஒரு பங்காளி. ஆயுள்தான் நாம் அதன் கையில் கொடுத்திருக்கும் சரக்கு. பர்ளான கடமைகள் முதல், நபிலான அமல்கள் இலாபம், பாவங்கள் நஷ்டம். பங்காளியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்காமல் இருக்கும் முதலாளி எவரும் உண்டா?

இமாமவர்கள் இதை ஆறு படிகளாக விளக்குகிறார்கள். முதலாவது முஷாரதா, நிபந்தனை விதித்தல். சுபஹ் தொழுகை முடிந்ததும் சற்று நேரம் ஒதுக்கி, இன்றைய நாளில் கண், காது, நாவு முதலான உறுப்புகள் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று நப்ஸுடன் ஒப்பந்தம் செய்துகொள்வது. இரண்டாவது முராகபா, வேலையின் நடுவே கவனமாக இருத்தல். மூன்றாவது முஹாஸபா, நாளின் முடிவில் கணக்குப் பார்த்தல். தவறு நடந்திருந்தால் முஆகபா எனும் தண்டனை, முஜாஹதா எனும் கூடுதல் முயற்சி, முஆதபா எனும் கண்டிப்பு ஆகியவை அடுத்து வருபவை.

இங்கே தண்டனை என்பது உடலை வருத்திக்கொள்வதல்ல. தோட்டத்தில் தொழுதுகொண்டிருந்த அபூதல்ஹா (ரழி) அவர்களின் கவனம் ஒரு பறவையின் பக்கம் திரும்பி, எத்தனை ரக்அத் தொழுதோம் என்பது மறந்துபோனது. அவர்கள் அந்தத் தோட்டத்தையே ஸதகாவாகக் கொடுக்க முன்வந்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. நம்மால் தோட்டம் கொடுக்க முடியாமல் போகலாம். புறம் பேசிய நாளில் ஒரு ஏழைக்கு ஒரு வேளை உணவு கொடுக்கலாம் அல்லவா? தவறுக்கு ஒரு விலை இருந்தால்தான் நப்ஸ் அதை நினைவில் வைத்திருக்கும்.

இந்தக் கணக்கில் நாம் அதிகம் தவறவிடுவது மனிதர்களின் உரிமைகளைத்தான். அல்லாஹ்வுக்குச் செய்த குறைக்கு தவ்பா இருக்கிறது. ஆனால் வேலையாளுக்குத் தாமதித்த சம்பளத்தை, மனைவியின் மனதை நோகடித்த சொல்லை, உண்மையா என்று பார்க்காமல் வட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு செய்தியை உரியவரிடமே தீர்க்க வேண்டும். அனுப்பிய செய்தி பொய் என்று தெரிந்தால், அனுப்பிய அதே குழுமத்தில் அதைத் திருத்துவதும் கணக்குத் தீர்ப்பதுதான்.

இதை எங்கிருந்து தொடங்குவது? ஆறு படிகளையும் ஒரே நாளில் ஏற முயன்றால் ஒரு வாரத்தில் சலிப்பு வந்துவிடும். சுபஹுக்குப் பின் தொலைபேசியைக் கையில் எடுக்கும் முன்னர், இன்று எதில் கவனமாக இருப்பேன் என்று ஒரேயொரு விடயத்தை மட்டும் தீர்மானியுங்கள். இஷாவுக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: காலையில் சொன்னதைச் செய்தேனா? எவருடைய உரிமையாவது என்னிடம் பாக்கி நிற்கிறதா? நாளை எதைத் திருத்த வேண்டும்? பதிலை ஒரு கொப்பியில் ஓரிரு வரிகளில் எழுதி வைத்தால், மாத முடிவில் நமது பலவீனம் எதுவென்பது நமக்கே விளங்கும்.

கணக்கு நஷ்டத்தைக் காட்டினால் மனமுடைய வேண்டியதில்லை. நஷ்டம் எங்கே என்று தெரிந்த வியாபாரிக்கு அதைச் சீர்செய்ய வழியுண்டு. கணக்கே பார்க்காதவருக்கு, கடை மூடப்படும் நாளில்தான் எல்லாம் தெரியவரும். அந்த நாள் வருமுன் நம் கணக்கை நாமே பார்த்துக்கொள்ள அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக.