மாலுமியின் முகம், தாயின் முகம்: போதைக்கு நாம் வரைந்த படங்கள்

1957 வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. அந்தக் கடற்படை தன் மாலுமிகளுக்கு நாளாந்தம் ரம் பங்கிட்டுக் கொடுத்தது. 1970 ஜூலை 31 இல்தான் அந்த வழக்கம் நின்றது. பிளேயர்ஸ் நேவி கட் சிகரெட் பெட்டியிலும் உயிர்காப்பு வளையத்துக்குள் தாடி வைத்த ஒரு மாலுமியின் முகம். குடியும் புகையும் இங்கே ஆண்மையின் அடையாளங்கள். நோய் என்ற பேச்சே இல்லை.

பெண் குடித்தால் படம் மாறிவிடும். வில்லியம் ஹோகார்த் 1751 இல் வெளியிட்ட 'ஜின் லேன்' அச்சுப்படத்தின் நடுவே போதையில் ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். கால்களில் புண்கள், கையில் மூக்குப்பொடி. அவளுடைய குழந்தை படிக்கட்டுக்கு அப்பால் தலைகீழாக விழுகிறது. அவள் நோயாளியாக அல்ல, தவறிய தாயாகவே காட்டப்படுகிறாள். கனடாவின் கலை வரலாற்றாசிரியர் ஜூலியா ஸ்கெல்லி, பிரித்தானியக் காட்சிப் பண்பாட்டில் அடிமைப் பழக்கம் பற்றி 2014 இல் எழுதிய நூலை இந்த 1751 ஆம் ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறார்.

பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இலங்கையில் பெண்களுக்கு மதுபானம் விற்பதை 1979 ஆம் ஆண்டு விதி தடுத்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறச் செய்தார். சிகரெட் பெட்டியில் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் வரவேண்டும் என்று நின்றவரும் இதே சிறிசேனதான். அது 2015 இல் சட்டமானது. புகைக்கு மருத்துவப் படம், பெண்ணின் குடிக்கு ஒழுக்கத் தீர்ப்பு. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை.

நம் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளிலும் வீதி நாடகங்களிலும் குடிப்பவர் கணவர், அழுபவர் மனைவி. அது பொய்யில்லை, கசிப்பு அழித்த வீடுகள் எத்தனையோ. ஆனால் தானே குடிக்கும் பெண்ணுக்கு அந்தப் படத்தில் இடமில்லை. அவள் மருத்துவரிடம் வாய் திறக்கமாட்டாள். மருத்துவரும் கேட்கமாட்டார்.

அதைவிடக் கண்ணில் படாதது வெற்றிலை. புகையிலை சேர்த்து மெல்லும் அம்மம்மாவை அடிமைப் பழக்கத்துக்கு உள்ளானவர் என்று யாரும் சொல்வதில்லை, வழக்கம் என்கிறோம். பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. கடையில் மடித்துத் தரும் ஒரு வாய் வெற்றிலைக்குப் பெட்டி இல்லை. பெட்டி இல்லாததால் எச்சரிக்கைப் படமும் இல்லை.