லேஸர் கண் சிகிச்சைக்கு முன் அறியவேண்டுவன

'லேஸர் வைத்துக் கண்ணைச் சரிசெய்தார்கள்' என்று மக்கள் கூறும்போது, அச்சொல் ஒரே சிகிச்சையைக் குறிப்பதில்லை. நீரிழிவினால் பழுதுற்ற விழித்திரைக்குச் செய்யப்படும் லேஸர் ஒன்று. கண்புரை அகற்றிய பின், உள்ளே பொருத்திய வில்லையின் பின்னுறையில் படரும் மங்கலைத் திறப்பதற்கான லேஸர் வேறொன்று. கண்புரையை அகற்றுவதையே 'லேஸர் ஆபரேஷன்' என்போரும் பலர்; ஆனால் அங்கே புரையை உடைத்துக் கரைப்பது பெரும்பாலும் செவிக்கு எட்டாத ஒலியலையேயன்றி ஒளியன்று. கண்ணாடி அணிவோர் அதனை விலக்கும் பொருட்டுச் செய்துகொள்ளும் சிகிச்சையை மட்டுமே இங்கே விளக்குகிறோம். ஆலோசனை கூறும் நிலையிலுள்ள ஆசிரியரும் சுகாதார ஊழியரும் இவ்வேறுபாட்டை முதலில் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். நீரிழிவு நோயாளிக்கு விழித்திரை லேஸர் அவசியமென்று வைத்தியர் கூறினால் அதைத் தள்ளிப்போடலாகாது. கண்ணாடியை விலக்கும் சிகிச்சையையோ எத்தனை ஆண்டு தள்ளிப்போட்டாலும் கண்ணுக்குக் கேடில்லை.

கண்ணின் ஒளிகுவிக்கும் திறன் மொத்தம் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு, கார்னியா எனப்படும் முன்புறத்து ஒளிபுகு படலத்திற்கே உரியது. கிட்டப்பார்வையுள்ளவர் கண்ணில் தொலைப்பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னதாகவே விழுந்துவிடுகிறது. கார்னியாவின் நடுப்பகுதியைச் சிறிது தட்டையாக்கினால் பிம்பம் பின்னே நகர்ந்து விழித்திரைமீது பொருந்தும். இதற்கு உதவுவது 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியை வீசும் எக்ஸைமர் லேஸர். சென்னையிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற இரங்கசுவாமி ஸ்ரீநிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் வைன், பிளம் என்னும் இருவருடன் பணியாற்றியபோது, 1981-ஆம் ஆண்டு நவம்பரில், விருந்தில் எஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பின்மேல் இவ்வொளியைச் செலுத்திப் பார்த்தார். சுற்றியுள்ள திசு கருகாமல், ஒளி பட்ட இடம் மட்டும் செதுக்கினாற்போல் நீங்கிற்று. ஒளியின் ஆற்றல் மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடுவதால், வெப்பம் அக்கம்பக்கம் பரவுவதில்லை. 1983-இல் நியூயார்க்கின் கண் வைத்தியர் டிரோக்கெல் ஸ்ரீநிவாசனுடன் சேர்ந்து இதனைக் கார்னியாவுக்குப் பயன்படுத்தும் வழியை வெளியிட்டார்.

இன்று வழக்கிலுள்ள முறைகள் மூன்று. பி.ஆர்.கே. முறையில் கார்னியாவின் மேற்தோலை நீக்கிவிட்டு நேரே செதுக்குகின்றனர். தோல் மீண்டும் வளர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும், அதுவரை வலியுண்டு, பார்வை தெளியச் சில வாரங்கள் செல்லும். லேஸிக் முறையில் கார்னியாவின் மேற்பகுதியை மெல்லிய மடலாக அறுத்துத் திறந்து, உள்ளே செதுக்கி, மடலை மீண்டும் மூடுகின்றனர். பெரும்பாலோர்க்கு மறுநாளே பார்வை தெளிகிறது. ஆயினும் அம்மடல் பழைய உறுதியுடன் ஒருபோதும் ஒட்டுவதில்லை. பல ஆண்டு கழித்தும் பலத்த அடியால் அது இடம் பெயரக்கூடும். ஆதலால் மல்யுத்தம், குத்துச்சண்டை பழகுவோர்க்கு முதல் முறையே ஏற்றதென்பது பல வைத்தியர்களின் கருத்து. ஸ்மைல் என்னும் மூன்றாவது முறையில் மடல் இல்லை. கார்னியாவின் உள்ளேயே ஒரு சிறு தகடு வெட்டப்பட்டு, குறுகிய துளை வழியே வெளியே எடுக்கப்படுகிறது.

எல்லோர்க்கும் இச்சிகிச்சை ஏன் பொருந்தாது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம்; உயர் வகுப்பு மாணாக்கரும் இதைப் போட்டுப் பார்க்கலாம். கார்னியாவின் நடுக்கனம் சாதாரணமாக 540 மைக்ரான் அளவு, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 6 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு டயாப்டர் குறைக்க ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் செதுக்கவேண்டும். மடலின் கனம் 110 மைக்ரான் என்று கொள்வோம். 4 டயாப்டர் குறையுள்ளவர்க்கு 60 மைக்ரான் போனாலும் 370 மைக்ரான் அடியில் எஞ்சும். 490 மைக்ரான் கனமே உடையவர்க்கு 9 டயாப்டர் குறையிருந்தாலோ, 135 மைக்ரான் செதுக்கிய பின் எஞ்சுவது 245 தான். குறைந்தது 250 மைக்ரான் எஞ்சவேண்டும் என்பது பொது விதி. 300 வேண்டுமென்போரும் உளர். இதற்குக் கீழே போனால் கண்ணின் உள்ளழுத்தத்தால் கார்னியா நாளடைவில் முன்னே பிதுங்கி, கண்ணாடியாலும் சீர்ப்படாத கோணல் பார்வை விளையக்கூடும். கனம் போதுமாயினும், கார்னியா கூம்புபோல் மெலியும் நோயின் தொடக்க அறிகுறி இருந்தால் லேஸிக் கூடாது. மேற்பரப்பின் வளைவைப் படமாக்கும் பரிசோதனை இதற்காகவே. அப்படம் எடுக்காமல் நாள் குறிக்கும் இடத்தில் சிகிச்சை செய்துகொள்ளாதிருப்பதே விவேகம்.

வயது 18 நிரம்பியிருக்கவேண்டும். ஓராண்டாவது கண்ணாடியின் எண் மாறாதிருக்கவேண்டும். பள்ளி மாணவர்க்கு எண் ஆண்டுதோறும் ஏறும். அவர்க்குக் கண்ணாடியே தக்கது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருக்கவேண்டும். கட்டுக்கடங்காத நீரிழிவு, மூட்டுவாத நோய், கண்ணில் அக்கி வந்த வரலாறு, கண் வறட்சி, முகப்பருவுக்கு ஐசோடிரெட்டினாயின் உட்கொள்ளுதல் ஆகியவற்றை மறைக்காமல் கூறவேண்டும். காண்டாக்ட் லென்ஸ் கார்னியாவின் வடிவையே சற்று மாற்றிவிடும். ஆதலின் மென்மையான வகையைப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்னரும், கடினமான வகையை மூன்று, நான்கு வாரம் முன்னரும் நிறுத்தவேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த அளவு பொய்யளவு.

சிகிச்சையின்போது நோயாளி விழித்தே இருப்பார். சொட்டு மருந்தினால் கண் மரத்திருக்கும். கண்ணைப் பற்றும் வளையம் அழுத்துகையில் சில வினாடி பார்வை இருண்டுபோகும். மயிர் கருகினாற்போல் ஒரு வாடை எழும். இவை முன்னரே தெரிந்திருந்தால் அச்சம் இராது. பின்னர்ச் சில மாதம் கண் வறட்சி இருப்பது சகஜம். இரவில் விளக்குகளைச் சுற்றி வட்டமும் கூச்சமும் தோன்றலாம். பெரும்பாலோர்க்கு அது குறைகிறது, சிலர்க்கு நிலைத்துவிடுகிறது. இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர் இதைத் தீர எண்ணிப்பார்க்கவேண்டும்.

நாற்பது வயதை நெருங்கியவர் ஏமாறுவது மற்றொன்றில். கிட்டப்பார்வையுள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நூல் படிக்க இயலும்; சிகிச்சைக்குப் பின் அவ்வசதி போய்விடும், படிப்பதற்குக் கண்ணாடி வேண்டிவரும். நீண்ட விழிக்கோளம் நீண்டதாகவே இருப்பதால், விழித்திரை கிழியும் அபாயமும் நீங்குவதில்லை. கண்ணில் மின்னலோ, பூச்சிகள் திடீரெனப் பறப்பதுபோலோ தோன்றினால் உடனே வைத்தியரிடம் செல்லவேண்டும். காவல்துறை, படைகள், இரயில்வே முதலியவற்றில் சேர விரும்பும் இளைஞர் அவ்வப் பணியின் அறிவிப்பிலுள்ள மருத்துவத் தகுதி விதிகளை முன்னதாகவே படிக்கவேண்டும்; கண்ணாடியை விலக்கியதே சில பணிகளுக்குத் தடையாகும்.

சிகிச்சைக்கு முன் எடுத்த கண்ணாடி எண், கார்னியாவின் வளைவு, கனம் ஆகியவற்றின் பிரதியைக் கேட்டு வாங்கி, பள்ளிச் சான்றிதழ்களோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். முப்பது ஆண்டு கழித்துக் கண்புரை தோன்றும்போது, உள்ளே பொருத்தவேண்டிய வில்லையின் சக்தியைக் கணக்கிட அத்தாள் பெரிதும் உதவும். செதுக்கிய கார்னியாவை மட்டும் அளந்து வழக்கமான முறையில் கணக்கிட்டால் விடை பிழைபடும். கண்ணின் அழுத்தமும் மெலிந்த கார்னியாவில் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதால், கண்ணழுத்த நோய்க்காகச் சோதிக்கும் வைத்தியரிடமும் அதனைக் காட்டவேண்டும்.