காது குத்தலாம்... புருவம் குத்தலாமா? 18 வயசுக்கு முன்னாடி பியர்சிங்: சட்டம் என்ன சொல்லுது?

குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து காது குத்தும்போது, ஒரு வயசு குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அதே குழந்தை 16 வயதில் பியர்சிங் கடைக்குப் போய் புருவத்தில் ஒரு வளையம் கேட்டால், "ஆதார் இருக்கா? அப்பா, அம்மா வந்திருக்காங்களா?" என்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?

இந்தியாவில் பியர்சிங்குக்கு இத்தனை வயசு ஆகணும் என்று சொல்லும் தனி மத்தியச் சட்டம் எதுவும் இல்லை. கடை வாசலில் ஒட்டியிருக்கும் '18+' என்பது, பொதுவான சட்டங்களைப் பார்த்து கடைக்காரர்களே போட்டுக்கொண்ட கோடு.

சிக்கல் 12 முதல் 17 வரை!

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 27-வது பிரிவு, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதத்துடன் செய்யும் செயலுக்குப் பாதுகாப்பு தருகிறது. 25-வது பிரிவு, தனக்கு ஏற்படும் சிறு காயத்துக்கு 18 வயது தாண்டியவர் தரும் சம்மதத்தை ஏற்கிறது. நடுவில் இருக்கிற டீன் ஏஜ் பிள்ளைகள்? பியர்சிங் பற்றி அவர்களுக்கென தெளிவாக ஒரு வரி கூட கிடையாது. நாளைக்கு சீழ் பிடித்து புகார் வந்தால், "அந்தப் பொண்ணுதான் குத்தச் சொன்னா" என்ற பதில் கடைக்காரரைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது. பெற்றோரை நேரில் வரச் சொல்வது இதனால்தான்.

ஃபார்மில் நீங்களே கையெழுத்து போட்டாலும் பிரயோஜனமில்லை. 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஃப்ரெண்டோட அண்ணனை 'கார்டியன்' ஆக்கி கூட்டிட்டுப் போவதும் கதைக்கு உதவாது. பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர்தான் வரணும்.

வெளிநாட்டில் எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 18 வயதுக்கு உட்பட்டவருக்கு உடலில் துளையிட பெற்றோர் கூடவே இருக்கணும், இல்லையென்றால் நோட்டரி சான்றளித்த அனுமதி வேணும். காதுக்கு மட்டும் விலக்கு. ஸ்காட்லாந்தில் 16-க்கு கீழே என்றால் பெற்றோர் கூட வந்து எழுதிக் கொடுக்கணும். வேல்ஸ் இன்னும் கறார். நாக்கு, மார்பு, பிறப்புறுப்பு போன்ற இடங்களில் 18 வயதுக்கு உட்பட்டவருக்கு குத்துவது 2018 பிப்ரவரி முதல் அங்கே குற்றம். பெற்றோரே சரி என்றாலும் கூடாது.

நம்ம ஊரில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. ஆனால் போக்சோ சட்டத்தில் 18 வயதுக்கு உட்பட்ட எல்லாருமே குழந்தைகள்தான். அந்தரங்க இடங்கள் என்றால், பெற்றோர் கூடவே வந்தாலும் பொறுப்பான கடை மறுத்துவிடும், மறுக்கவும் வேண்டும்.

கையெழுத்து கிடைச்சாச்சு, அப்புறம்?

அம்மா சம்மதித்தால் மட்டும் புண் சீக்கிரம் ஆறிவிடாது. காது மடலின் சதைப்பகுதி ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். மேல் காதின் குருத்தெலும்பும் தொப்புளும் ஆற ஒரு வருஷம் வரை கூட இழுக்கலாம். குருத்தெலும்பில் ரத்த ஓட்டம் குறைவு. அங்கே தொற்று வந்தால் காதின் வடிவமே கெட்டுப்போகலாம். அந்த இடத்தில் 'கன்' வைத்து அடிக்க விடாதீர்கள், புது ஊசியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாருக்காவது கீலாய்டு தழும்பு இருந்தால் முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள்.

நாக்கைப் பிளப்பது போன்ற 'பாடி மாடிஃபிகேஷன்' வேலைகளோ வேறு ரகம். 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் இதைச் செய்ததாக 2 பேர் கைதானார்கள், கடைக்கும் சீல் வைக்கப்பட்டது. அது அறுவை சிகிச்சை. டாக்டர் அல்லாதவர் செய்யவே கூடாது.

இன்னொரு விஷயம், 18 முடிந்ததும் ரத்ததானம் செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்கு: தேசிய ரத்தமாற்று கவுன்சில் வழிகாட்டுதல்படி, பியர்சிங் செய்தால் 12 மாதங்களுக்கு ரத்தம் கொடுக்க முடியாது.