நுங்கை விட்டுவைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு!

புதுச்சேரிக்கு வடக்கே, பெரிய முதலியார்சாவடி தொடங்கி மரக்காணம் வரை மணல் மண். பனைக்கு ஏற்ற பூமி.

சித்திரை, வைகாசியில் நுங்கு வெட்ட மரமேற ஆள் வேண்டும். ஆள் கிடைப்பதோ குதிரைக்கொம்பு! நாலு குலையை விட்டுவைத்துப் பாருங்கள். ஆடி, ஆவணியில் பழம் தானாக விழும், பொறுக்கினால் போதும். சுட்டோ அவித்தோ சாப்பிடலாம். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். பாத்தியில் புதைத்தால் தை மாதம் கிழங்கு. பெரிய செலவில்லாமல் சிறு விவசாயிக்கு இன்னொரு வருமானம்.

எல்லாவற்றையும் நுங்காகவே வெட்டினால் விதைக்கு எங்கே போவது? பனை காய்க்கவே 15 ஆண்டுகள்கூட ஆகலாம். அதனால்தான் 2021-22 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. நீங்களும் வரப்போரம் பத்துக் கொட்டையை ஊன்றுங்கள்; அவற்றைக் கிழங்குக்குத் தோண்டாதீர்கள். பேரப்பிள்ளைகள் நுங்கு சாப்பிடுவார்கள்!