வயிற்று உப்புசமும் உயிராபத்தும்

ராகிக் களி, நிலக்கடலைச் சட்னி, மோர். மாரண்டஹள்ளி வட்டாரத்தின் அன்றாடச் சாப்பாடு இது. பால் குடித்தால் வயிறு உப்புகிறவரும், கடலை தின்றதும் உதடு வீங்குகிறவரும் தங்களுக்கு ‘அலர்ஜி’ என்றே சொல்கிறார்கள். முதலாமவருக்கு அது தொந்தரவு மட்டுமே. இரண்டாமவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி, வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியாவில் இது மிகச் சாதாரணம். செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் நொதித்து வாயுவாகிறது. தயிரில் நுண்ணுயிரிகள் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால், இவர்களில் பெரும்பாலோருக்கு மோர் ஒன்றும் செய்யாது. ஒவ்வாமை வேறு: பாலின் புரதத்தையே உடலின் எதிர்ப்புச் சக்தி பகையாக எண்ணித் தாக்குகிறது. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு, ‘மோர்தானே’ என்று ஒரு வாய் கொடுப்பதும் ஆபத்து.

கோதுமையின் குளூட்டனால் குடல் பழுதடையும் சீலியாக் நோய் இந்த இரண்டிலும் சேராதது. அந்த நோய் உள்ளவர்களுக்கு ராகி நல்ல உணவு. ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே ராகியையும் அரைத்தால் பயனில்லை.

ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் நம்பி உணவை விலக்குவது பெரும் தவறு. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், 26.5 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஏதோ ஓர் உணவுக்கு எதிரான கூறுகள் இருந்தன. ஒவ்வாமை இருக்கக்கூடியவர்களோ 1.2 சதவீதம்தான். தாளைப் பார்த்துப் பயந்து வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் கடலையையும் எடுத்துவிட்டால், புரதத்துக்கு அது எங்கே போகும்?

கடலையைத் தள்ளிப்போடுவதும் காப்பல்ல. ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்குச் சீக்கிரமே கடலை உணவு கொடுத்துவந்தால், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஐந்தில் நான்கு பங்கு குறைகிறது என்று 2015-இல் லண்டன் ஆய்வு காட்டியது. கடுமையான தோல் கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும். நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்தே கொடுக்க வேண்டும்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ இரண்டு மணி நேரத்துக்குள்ளோ உடல் தடித்து, மூச்சு இரைத்து, குரல் கம்மி, மயக்கம் வந்தால் அலர்ஜி மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அப்போது தேவை, தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐ அழையுங்கள். பாதிக்கப்பட்டவரை நடக்க விடாதீர்கள்.